மயிலும் சாட்டினும்

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரசு,

போனில் பேசினால் "குக்கர் வெச்சிருக்கேன்" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். வெயிலைப் பற்றிக் கேட்காதே.

லில்லி அக்கா மகளுக்கு மே மாதம் கல்யாணம். ரிசப்ஷன் கவுன் எம்ப்ராய்டரிக்கு என்னிடம் வந்திருக்கிறது. ஐவரி கலர் சாட்டின், மேஜையில் போட்டால் விலாங்கு மாதிரி நழுவுகிறது. அதன் முன்பக்கம் முழுக்க மயில் வேண்டுமாம், தோகையோடு! "ஆரணிப் பட்டுல வருது, இதுல வராதா?" என்கிறார் அக்கா. பட்டில் அது தறியிலேயே நெசவோடு வருவது. இங்கே அத்தனையும் ஊசி குத்திக் குத்தி வர வேண்டும். ஒவ்வொரு தையலும் துணியை உள்ளே இழுக்கும். பிரிக்கலாம் என்றால், சாட்டினில் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும்.

சும்மா சொல்லவில்லை, வெட்டுத்துண்டில் போட்டே பார்த்தேன். துணியை ஃப்ரேமில் இறுக்கினால் வளையத் தடம் பளபளப்பில் பதிந்துவிடும். எனவே துணிக்கு அடியில் தாங்கலாக வைக்கிற பேக்கிங்கை மட்டும் ஃப்ரேமில் மாட்டி, ஸ்பிரே கம் அடித்து, துணியை மேலே படியவைத்து, சுற்றிலும் நூலோட்டினேன். பேக்கிங்கும் தைத்தபின் கிழித்தெடுக்கிற ரகமில்லை, கத்தரிக்கிற ரகம். 11ஆம் நம்பர் புது ஊசி. மேல்நூலைத் தளர்த்தி, மெஷின் வேகத்தை நிமிடத்துக்கு 500 தையலுக்கு இறக்கினேன். கழுத்து அழகாக வந்தது. தோகையை நிரப்பத் தொடங்கியதும் சுற்றிலும் சுருக்கம், நம் தொரப்பாடிக் கோழியேதான்! சிரிக்காதே. அதே தோகையை நிரப்பாமல் கோடாக ஓட்டிய துண்டு தட்டையாகப் படிந்திருக்கிறது.

அக்காவிடம் இரண்டு துண்டுகளையும் காட்டினேன். "அடுத்த கடையில போட்டுத் தருவாங்க" என்றார். போட்டுத் தருவார்கள், யார் இல்லையென்றது?

என்னை உறுத்துவது அதுவல்ல சரசு. அளவெடுக்கும்போது அந்தப் பெண் என் காதோடு சொன்னாள்: "ஆன்ட்டி, எனக்கு மயிலே வேணாம். கீழ ஓரத்துல சின்னதா ஒரு முல்லைக்கொடி போதும்." அம்மாவிடம் சொல்ல அவளுக்குப் பயம். நான் சொன்னால் வேலைக்குச் சோம்பல்பட்டு அவளைச் சாக்கு வைக்கிறேன் என்பார். கட்டிக்கொள்ளப் போகிறவளை யாரும் கேட்கவேயில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

உன் பேச்சை மட்டும்தான் அக்கா கேட்பார், சின்ன வயசிலிருந்தே. இந்த வாரமே போன் செய். அவள் என்னிடம் சொன்னதை விட்டுவிடு. கோடாகப் போட்டால்தான் நிற்கும் என்று நீயும் அடித்துச் சொல். கொடிக்கு நான் மெல்ல வழி பண்ணுகிறேன்.

அப்புறம், மெல்லிய ஆர்கன்சாத் துணியில் போடுவது பற்றிக் கேட்டாயே, அதற்கு அடியில் தண்ணீரில் கரைகிற பேக்கிங் வை. துணி தண்ணீர் தாங்குமா என்று முதலில் ஒரு துண்டை நனைத்துப் பார்.

உன்,
விமலா