செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் 'சரிம்மா, சரிம்மா' என்று ரெண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் இதை உட்கார்ந்து டைப் செய்து அனுப்புகிறேன், ஆற அமரப் படி.

கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை. புறவாசலில் தக்காளி பூவாய்ப் பூத்து, ஒன்றுகூட நிற்காமல் உதிர்கிறது. உரம் போதவில்லை என்று உங்கள் அப்பா மண்புழு உரத்தை அள்ளி அள்ளிப் போடுகிறார், சொன்னால் கேட்டால்தானே. பகலெல்லாம் 38 டிகிரி, ராத்திரியும் புழுக்கம், இந்தச் சூட்டில் மகரந்தமே வீணாகிவிடும், அப்புறம் எங்கே பிஞ்சு பிடிக்கும்? பச்சை வலை கட்டி, தூரில் காய்ந்த சருகை மூடாக்காகப் போட்டிருக்கிறேன். சாரல் காற்று வந்துவிட்டால் தானாகச் சரியாகும். வெண்டைக்கு இந்த வெயில் ஒரு பொருட்டே இல்லை. கத்தரியில்தான் அங்கங்கே குருத்து வாடித் தொங்குகிறது, உள்ளே புழு, கொஞ்சம் கீழே தள்ளிக் கிள்ளி எரிக்காவிட்டால் அடுத்து காய்க்குள் போய்விடும். பள்ளிக்கூடம் போகும்போதே அதைப் பார்த்த உடனே கண்டுபிடிப்பாய் நீ, அந்தக் கண் இங்கே வேறு யாருக்கும் இல்லை.

உன் பால்கனிச் செடியெல்லாம் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவைத் தெரு முழுக்கக் காட்டினேன், மெட்ராஸில் ஆறாவது மாடியில் என் மகள் புதினாவும் ரோஜாவும் வளர்க்கிறாள் என்று. அதற்குப் பிறகு ஒரு போட்டோ இல்லை. போன வாரம் வீடியோவில் வந்தபோது உன் பின்னால் வெறும் சுவர்தான், ரயில் போகிற சத்தம் வேறு. அவர்கள் வீட்டுப் பக்கம் ரயில் கிடையாதே என்று அப்பா கேட்டார், டிவியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். செடிக்குத் தண்ணீர் யார் ஊற்றுகிறார்கள்? தொட்டிச் செடி இந்த வெயிலில் ஒரு நாள் விட்டாலும் தாங்காது. மத்தியானம் ஊற்றாதே, காலையில் ஊற்று, மண்ணுக்குள் விரலை விட்டு ஈரம் பார்த்துவிட்டு ஊற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? முகம் வற்றிப்போய்த் தெரிந்தது. வேலையில் பெரிய பொறுப்பு கொடுத்திருக்கிறார்களாமே, அதைக்கூட உன் தோழியின் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம்தான், கோவிலில் அர்ச்சனையும் பண்ணினேன். ஆனால் பெற்றவளுக்கு அடுத்தவர் வாயால்தான் தெரிய வேண்டுமா? சித்தியும் இப்படித்தான், அத்தனை வருஷம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சரி, அவள் கதை இப்போது எதற்கு.

மல்லிகை இந்தத் தடவை கொட்டுகிறது. கார்த்திகையில் நான் கவாத்து பண்ணும்போது மொட்டையடித்துவிட்டாயே என்று சண்டை போட்டாயே, அந்தச் செடிதான். புதுக்கிளை தழைத்தால்தான் மொட்டு வைக்கும், பழசைக் கட்டிக்கொண்டு இருந்தால் இலைதான் மிஞ்சும். தொடுக்கத்தான் ஆள் இல்லை, பாதியைக் கோவிலுக்குக் கொடுத்துவிடுகிறேன்.

மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று கூழ் வடகம் போட்டு வைத்திருக்கிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று மட்டும் எழுது. அனுப்ப வேண்டாம் என்றாலும் அதையாவது எழுது. மத்தியான வெயிலில் தண்ணீர் ஊற்றாதே, வீணாக ஆவியாகிவிடும்.

ஆடிப்பட்டத்துக்கு அவரையும் புடலையும் ஊன்ற வேண்டும், என்னால் முன்னைப்போலக் குனிந்து வேலை பார்க்க முடியவில்லை. லீவு கிடைத்தால் வா, கிடைக்காவிட்டாலும் கேட்டு வாங்கிக்கொண்டு வா. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் திருநெல்வேலி, அங்கிருந்து செங்கோட்டை வண்டி. அம்பாசமுத்திரம் ஸ்டேஷனுக்கு அப்பா வருவார், வழியில் ஒன்றும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். சாமான் நிறைய இருக்கும் என்றால் முதல் நாளே சொல்லிவிடு, ஸ்கூட்டரில் வைக்க முடியாது, ஆட்டோவுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

அம்மா