ஓரிகன் என்னாயிற்று?

அன்புள்ள சபாநாயகருக்கு,

நலம். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று நம் நட்புச் சபையின் செயலாளர் சொன்னான். நான் விசாரித்ததாகச் சொல்.

'ஓரிகன் என்னாயிற்று?' என்று நீ அனுப்பிய இரண்டு சொல் கேள்விக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, மாட்டிக்கொண்டேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் சட்டமன்றத்து ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் அவை நடக்கவிடாமல் மாநிலத்தை விட்டுக் கிளம்பியபோது, 'இதுவல்லவா துணிச்சல்!' என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேன். 2023இல் ஓரிகன் மாநில மேலவையான செனட்டுக்குக் குடியரசுக் கட்சியினர் அதே நோக்கத்தோடு ஆறு வாரம் வராமலிருந்தபோது 'ஓடி ஒளிகிற கூட்டம்' என்று எழுதியவனும் நான்தான். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறாய், பாவி.

எனக்கு நானே வக்கீலாகப் பேசிப் பார்த்தேன். ஓரிகனில் தடுக்க நினைத்தது கருக்கலைப்பு, துப்பாக்கி பற்றிய மசோதாக்களை. பெரும்பான்மை உள்ளவர்கள் முறைப்படி கொண்டுவந்தவை. டெக்சாஸில் வந்ததோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்து குடியரசுக் கட்சிக்கு ஐந்து இடம் கூட்டப் பார்க்கும் வரைபடம். அது சட்டம், இது தேர்தலின் அடித்தளம் என்று வாதாடினேன். வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓரிகன்காரரும் நெஞ்சில் கைவைத்து, எங்களுக்கு இதுதான் அடித்தளம் என்றுதானே சொல்லியிருப்பார்?

நம் சட்டமன்றத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. அரசியலமைப்பின் 189ஆவது பிரிவுப்படி 234 பேரில் 24 பேர் இருந்தால் கோரம், அதாவது அவை நடக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, ஆகிவிடும். எதிர்க்கட்சி முழுவதும் எழுந்து போனாலும் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறும். போனவர்கள் வெளியே மைக் முன்னால் நின்று பேசிவிட்டு மறுநாள் உள்ளே வந்து உட்காருவார்கள். டெக்சாஸ் கீழவையிலோ 150 பேரில் 100 பேர் வேண்டும். 51 பேர் போய்விட்டால் அவை முடங்கும். அதனால்தான் பிடித்து இழுத்துவர வரும் போலீஸ் கைக்கு எட்டாமல் மாநில எல்லையைத் தாண்டுகிறார்கள். 1988இல் அமெரிக்க செனட்டர் பாக்வுட்டைக் காவலர்கள் கால் முன்னே வரத் தூக்கிக்கொண்டுபோய் அவைக்குள் இறக்கினார்கள்! லிங்கனே 1840இல் கோரத்தைக் கெடுக்க ஜன்னல் வழியாகக் குதித்திருக்கிறார். அதற்குள் தலை எண்ணி முடித்துவிட்டார்கள்.

ஆனால் டெக்சாஸ்காரர்கள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்த பிறகு நடந்ததைப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. காவலர் துணையோடுதான் வெளியே போகலாம், அதற்குக் கையெழுத்துப் போடு என்றார்கள். நிக்கோல் காலியர் என்ற உறுப்பினர் மறுத்துவிட்டு, அவையிலேயே தன் நாற்காலியில் இரவைக் கழித்தார். முன்பு அவையை விட்டுப் போனது குற்றம். இப்போது போக முடியாததே தண்டனை. வரைபடமும் நிறைவேறிவிட்டது.

என்னை உறுத்துவது வேறொன்று. பத்து நாள் அனுமதியின்றி வராதவர் அடுத்த முறை போட்டியிட முடியாது என்று ஓரிகன் மக்கள் 2022இல் வாக்களித்து விதி செய்தார்கள். 2024இல் அந்த மாநில உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பத்து செனட்டர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. அன்று நான் கைதட்டினேன். நாளை டெக்சாஸ் அதே விதியைக் கொண்டுவந்தால் தட்டுவேனா? மாட்டேன். அப்படியானால் நான் இத்தனை நாள் பேசியது அரசியலமைப்பா, கட்சியா?

'அப்போதே சொன்னேன்' என்று எழுதிவிடாதே. நீயும் இதே தராசைத் தலைகீழாகப் பிடித்தவன்தான்; ஓரிகனுக்கு மாலை போட்டுவிட்டு டெக்சாஸை ஏசினாய். அதையும் நான் வைத்திருக்கிறேன்.

என் ஓரிகன் கடிதத்தை அனுப்பிவை. கிழிக்க மாட்டேன். டெக்சாஸ் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். டிசம்பரில் வரும்போது செயலாளரையும் இழுத்து வா. இருவர் மட்டும் என்றால் கோரம் சேராது.

உன்
எதிர்க்கட்சி