மும்பைப் பியாவுகளுக்காகக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மும்பையின் பழைய பியாவுகளைப் பற்றி மாட்டுங்காவில் நாங்கள் வைத்த படக்காட்சி போன ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. பியாவ் என்றால் நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலைக் கல்லில் கட்டியது போல. தொடங்கியது நாங்கள்தான் என்றாலும், முடித்துக் கொடுத்தவர்கள் நீங்கள்.

மஸ்ஜித் பந்தர், பாத் பஜார் கடைக்காரர்களுக்கு முதல் நன்றி. 1876-இல் கடிகாரக் கோபுரத்தோடு கட்டிய கேசவ்ஜி நாயக் பியாவைப் படம் எடுக்க, வியாபார நேரத்தில் கைவண்டிகளை நிறுத்தி வழிவிட்டீர்கள். அந்தச் சந்தடியை அறிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும்.

ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர் ஐயா, உங்களுக்குத் தனி நன்றி. பியாவுகளில் பெரும்பாலானவை ஏன் அந்தச் சில பத்தாண்டுகளில் முளைத்தன என்று நீங்கள்தான் விளக்கினீர்கள். கிணற்றையும் குளத்தையும் நம்பியிருந்த ஊருக்கு 1860-இல் விஹார் ஏரித் தண்ணீர் குழாயில் வந்தது. அப்புறம் 1879-இல் துளசி, 1892-இல் தான்சா. பானையில் மொண்டு ஊற்றிய தர்மம் தெருமுனைக் குழாய்க்கு மாறியது. பார்சி வள்ளல் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமனி ஒருவரே 40 குடிநீர் ஊற்றுகள் கொடுத்தார். பல பியாவுகளில் மாட்டுக்கும் குதிரைக்கும் கீழே தொட்டி உண்டு.

பளிங்குப் பலகைகளைப் படித்துச் சொன்ன எங்கள் மாடிவீட்டு குஜராத்தி அம்மா இல்லாவிட்டால் பாதிக் கதை போயிருக்கும். செத்துப்போன மனைவி, தாய், பிள்ளை பெயரில் வைத்தவையே அதிகம். கோட்டைப் பகுதியின் ரத்தன்சி மூல்ஜி ஜேட்டா பியாவும் (1894) மகனை இழந்த தகப்பன் எழுப்பியதுதான். விக்டோரியா டெர்மினஸை வடிவமைத்த ஸ்டீவன்ஸின் வேலைப்பாட்டை எல்லோரும் ரசிக்கிறோம். எனக்கென்னவோ உச்சியிலிருக்கும் அந்தப் பையன் சிலைதான் கண்ணில் நிற்கிறது.

கல்லில் அப்பியிருந்த பெயின்ட்டைச் சுரண்டி எடுத்த மரபுக் கட்டடக் கலைஞர்களுக்கும், சில பியாவுகளில் மறுபடி தண்ணீர் வர வைத்த மாநகராட்சிப் பிளம்பர்களுக்கும் கும்பிடு. விளக்குப் போட்டு அழகாக்கிவிட்டுக் குழாயை மறந்துவிட்டால் அது வெறும் சிலை.

பழைய படங்களைத் தந்தவர்கள் வரும் சனிக்கிழமை மாலை மன்றத்தில் வாங்கிக்கொள்ளலாம். பெயர் எழுதாத உறை ஒன்று இருக்கிறது, உரியவர் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
படக்காட்சிக் குழுவினர், மாட்டுங்கா