எக்ஸிட் என்று ஒரு வரி

பட்டர்வொர்த்,
வியாழன் இரவு

அன்புள்ள மச்சான்,

மூன்று நாளாகப் பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. நீ கேட்டது ஒரு வரிதான்: கம்ப்யூட்டரை இயக்கும் உபுண்டுவில் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்குப் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் நான் போன மாதிரி போகாதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தைப்பூசம் நெருங்குகிறது. தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் விழித்துக்கொண்டு அச்சகத்துக்கு ரசீதுப் புத்தகம் கேட்டு வருவார்கள். எண்ணும் பந்தல் பெயரும் போட்டுப் பக்கம் பக்கமாக அடுக்கித் தருவது நான் பைதான் மொழியில் எழுதிய சின்னப் புரோகிராம். மறுநாள் காலை 10 மணிக்கு 40 புத்தகம் கொடுத்தாக வேண்டும். அந்த ராத்திரியில் எவனாவது அப்கிரேட் பொத்தானை அழுத்துவானா? அழுத்தினேன். கொட்டுகிற மழையிலும் கரண்ட் போகவில்லை, அது ஒன்றுதான் அதிர்ஷ்டம்.

அப்கிரேட் ஒழுங்காகவே முடிந்தது. பாஸ்வேர்டு கொடுத்தேன், டெஸ்க்டாப் வந்தது. கமாண்டுகளைத் தட்டுகிற ஜன்னலான டெர்மினலைத் திறந்தால் கண் சிமிட்டுகிற நேரத்தில் மூடிக்கொண்டது. பத்துத் தடவையாவது திறந்திருப்பேன். சரி என்று கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி, எழுத்து மட்டும் வருகிற அந்தக் கறுப்புத் திரைக்குப் போனேன். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் வாங்கிக்கொண்டு, வரவேற்பு வரிகளையும் காட்டிவிட்டு, உடனே மறுபடி பெயரைக் கேட்டது. வாங்க வாங்க என்று கும்பிட்டுவிட்டு முகத்திலேயே கதவைச் சாத்துகிற சம்பந்தி வீடு மாதிரி.

பாஸ்வேர்டு தப்பென்றால் தப்பு என்று சொல்லியிருக்கும். இது உள்ளே விட்டு வெளியே தள்ளுகிறது. அப்படியென்றால் நாம் தட்டும் கமாண்டை வாங்கி நடத்துகிற ஷெல் எழுந்திருக்கிறது, எழுந்ததும் படிக்கிற ஃபைலில் ஏதோ ஒன்று அதை முடித்துவிடுகிறது. என் ஷெல்லின் பெயர் பாஷ். டெர்மினல் ஜன்னலில் எழும்போது அது படிப்பது பாஷ்ஆர்சி என்ற ஃபைல். கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கொடுத்ததும் வருவது லாகின் ஷெல், அது படிப்பது புரொஃபைல் என்ற இன்னொரு ஃபைல். ஆனால் உபுண்டு தருகிற புரொஃபைலே பாஷ்ஆர்சியைக் கூப்பிட்டுக்கொள்ளும். எந்த வழியில் போனாலும் ஒரே பள்ளம். டெஸ்க்டாப் மட்டும் எப்படித் தப்பியது என்பது அப்புறம்தான் புரிந்தது. எதிரில் ஆள் உட்கார்ந்து தட்டுகிற ஷெல்லாக இல்லாவிட்டால் இங்கேயே திரும்பிவிடு என்று பாஷ்ஆர்சியின் தலையிலேயே ஒரு காவல் வரி இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளது எதையும் டெஸ்க்டாப் பார்ப்பதே இல்லை.

ஆல்ட் எஃப்2 அழுத்தினால் வருமே ஒரு சின்னப் பெட்டி, அதில் டெர்மினலுக்குள் பாஷை 'நோஆர்சி' போட்டுத் திறக்கச் சொன்னேன். எதையும் படிக்காமல் அப்படியே எழுந்து வா என்று அர்த்தம். வந்தது. ஃபைலைத் திறந்து பார்த்தால் கீழே, கடைசிக்குச் சற்று முன்னால், திருடன் உட்கார்ந்திருக்கிறான்: பைதான் 3.10 இருக்கிறதா பார், இல்லையென்றால் எக்ஸிட்.

எழுதியவன் நான்தான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருந்த கடைசி வருஷம், கமாண்டுகளை அடுக்கி வைத்த எங்கள் ஸ்கிரிப்ட் ஒன்றின் தலையிலிருந்து அப்படியே ஒட்டியது. தனி ஸ்கிரிப்டில் எக்ஸிட் என்றால் அந்த ஸ்கிரிப்ட் மட்டும் முடியும். பாஷ்ஆர்சியை ஷெல் தனக்குள்ளேயே வைத்துப் படிக்கிறது, அதனால் எக்ஸிட் என்றால் ஷெல்லே போய்விடும். அங்கே, அந்த ஃபைலை மட்டும் விட்டுத் திரும்பச் சொல்லும் ரிட்டர்ன் இருந்திருக்க வேண்டும். 22.04-இல் 3.10 இருந்த வரைக்கும் அந்த வரி தூங்கியது. 24.04-க்கு உரியது 3.12, பழையதைத் துடைத்துப் போட்டுவிட்டார்கள். பாஷ்ஆர்சி மாதிரி நம் சொந்த ஃபைல்கள் இருக்கிற ஹோம் ஃபோல்டரை அப்கிரேட் தொடுவதில்லை மச்சான். என் ஃபைலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நான்தான் அரை மணி நேரம் உபுண்டுவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதோடு விட்டேனா? பார்த்த கையோடு, கமாண்டுகளை எந்தெந்த ஃபோல்டரில் தேடுவது என்று சொல்லும் பாத் வரியையும் சீர்படுத்துகிறேன் என்று, பழைய பாத்தை ஒட்டாமல் புது ஃபோல்டரை மட்டும் எழுதி வைத்தேன். ஃபைல் பட்டியல் காட்டுகிற எல்எஸ் தட்டினால் அப்படி ஒரு கமாண்டே இல்லையாம்! ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் எல்எஸ் என்று முழுசாகத் தட்டினால் வேலை செய்கிறது. பக்கத்து வீட்டுக்காரனை வீட்டு நம்பர், தாமான் என்கிற குடியிருப்பின் பெயரோடு கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு கமாண்டையும் கூப்பிட்டுத்தான் திருத்தினேன். நீ செய்யும்போது ஒரு டெர்மினலைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு, இன்னொன்றைத் திறந்து சோதித்துப் பார். பாஷுக்கு '-n' கொடுத்து, ஃபைலை ஓட்டாமல் சோதிப்பதை மட்டும் நம்பாதே. அது இலக்கணப் பிழையைத்தான் பிடிக்கும், என்னுடையது இலக்கண சுத்தமான முட்டாள்தனம்.

என் பைதான் புரோகிராமுக்கு வேண்டிய பேக்கேஜ்களை, அதாவது துணை நிரல்களை, தனியாக வைத்திருந்த வெர்ச்சுவல் என்வ் என்ற ஃபோல்டரும் செத்திருந்தது. அதிலுள்ள இணைப்பு இப்போது 3.12-க்குப் போகிறது, பேக்கேஜ்களோ 3.10 என்று பெயரிட்ட ஃபோல்டரில் கிடக்கின்றன. பிப் கமாண்டால் நேராக சிஸ்டத்திலேயே பேக்கேஜ்களைப் போடலாம் என்றால் 24.04 அதற்கும் விடுவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். என்னென்ன பேக்கேஜ் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, அழிப்பதற்கு முன்னால் பழைய ஃபோல்டரை எட்டிப் பார்த்ததால் பிழைத்தேன். முதல் ரசீது வெளியே வந்தபோது மணி 2.40. புத்தகம் நேரத்துக்குப் போய்விட்டது, பைண்டிங் பையனுக்கு மட்டும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

மறுநாள், புது ஆளுக்குத் தரும் மாதிரி ஃபைல்களை உபுண்டு வைத்திருக்கிற ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் ஸ்கெல்லில் இருக்கும் கன்னி கழியாத பாஷ்ஆர்சியையும் என்னுடையதையும் டிஃப் கமாண்டால் ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் சேர்த்தவை 43 வரி. எதற்கு என்று இன்றைக்குச் சொல்ல முடிந்தது பதினொன்றுக்குத்தான். மற்றதை வேறு ஃபைலில் தள்ளி வைத்திருக்கிறேன், இதுவரை எதுவும் தேவைப்படவில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறியே தீருவேன் என்கிறார், நீ வந்தால் கீழே உட்கார வைக்கலாம். நீ சொன்னால்தான் கேட்பார். ரத ஊர்வலத்துக்கு முந்தின நாளே வந்துவிடு, பினாங்குத் தெருவில் நின்று பார்ப்போம்.

அப்புறம், அலமாரியைக் குடைந்தபோது யூஎஸ்எம் பல்கலைக்கழக ஹாஸ்டல் முகவரியோடு ஒரு தபால் உறை கிடைத்தது. உள்ளே உபுண்டு 6.06 சிடி, அப்போது இலவசமாக அனுப்புவார்களே, அது. இத்தனை வருஷமாக என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உறைமேல் உன் பெயர்தான் இருக்கிறது.

உன் பழைய அறைத்தோழன்