காய்ச்சல் விட்ட நாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரையில் முப்பது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவன் நான். போன ஐப்பசி மழையில் டெங்கு வந்து படுத்தேன். முதல் நாள் சாயங்காலம் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது ஊசியில் நூல் கோக்க முடியாமல் கை நடுங்கியது. இரவு 103 டிகிரி. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினாலே உள்ளேயிருந்து கட்டைவிரலால் அழுத்துவது போல வலி. போர்வை பட்டால்கூட உடம்பு நொந்தது. ரசம் சாதம் வாயில் கசந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சரி, பிழைத்தோம் என்று கடைச் சாவியைத் தேடினேன். அன்று மதியம்தான் வயிற்றைப் பிசைந்தது. வாந்தி நிற்கவில்லை, ஈறில் ரத்தம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதற்குள் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் வேறு வாங்கி விழுங்கியிருந்தேன். அது ரத்தக்கசிவைக் கூட்டுமாம்; பாராசிட்டமால்தான் போடலாமாம். அப்புறம் நான்கு நாள் டிரிப்ஸ்.

எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் குழாய்த் தண்ணீர். பிடித்து வைக்காமல் என்ன செய்வது? மாநகராட்சிக்காரர்கள் கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போகிறார்கள், தண்ணீர் டிரம்முக்குள் கொசுப்புழு அப்படியே நெளிகிறது. காய்ச்சல் விட்ட பிறகு எதைக் கவனிக்க வேண்டும் என்று நான்கு வரி நோட்டீஸ் அடித்து மருந்துக்கடைகளிலாவது ஒட்டட்டும். என் கடைக் கதவிலும் ஒன்று ஒட்டிக்கொள்கிறேன்.

ஒரு தையல்காரர், மதுரை