கொன்ராட் கண்ட சுக்கானிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் சென்ற ஞாயிறு இதழில் நாவலாசிரியர் ஜோசப் கொன்ராட்டைப் பற்றி வெளிவந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். ஆங்கில நாவல்களைக் குறித்துத் தமிழில் பொறுமையாக எழுதுவோர் அருகிவிட்ட இக்காலத்தில் அது மகிழ்ச்சி தந்தது. ஆயினும் அதன் நடுப்பகுதியில், கடல் வாழ்க்கை கொன்ராட்டைக் கீழைத்தேய மக்களோடு கூடி வாழ வைத்தது என்றும், அதனாலேயே அவர்களது பண்பாட்டை அவர் உள்ளிருந்து எழுத முடிந்தது என்றும் கூறப்பட்டிருப்பதைத் துறைமுகப் பட்டினமொன்றில் பிறந்து வளர்ந்த என்னால் ஏற்க இயலவில்லை. கப்பற்காரன் கரையைக் காண்பது வேறு, கரையில் இருப்பது வேறு.

என் தகப்பனார், பிரித்தானியக் கடற்படை 1957இல் இங்கிருந்து வெளியேறும் வரையில், திருகோணமலை டொக்யார்டில் வேலை செய்தவர். உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குப் படகில் மரக்கறி கொண்டுபோய்க் கொடுப்பதும் அவருடைய வேலைகளில் ஒன்று. அவர் எந்தக் கப்பலிலும் மேல்தளத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. கரைக்கு இறங்கிய மாலுமிகளும் கடைத்தெருவைத் தாண்டி ஊருக்குள் வந்ததில்லை. மூன்று நாள் நிற்கிறவன் எங்களைப் பற்றி என்னத்தை அறிவான் என்று அவர் கேட்பார். ஆனால் அதே மூச்சில், மேலிருந்து ஒருவன் கயிறு எறிகிற விதத்தைப் பார்த்தே அவன் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடலாம் என்றும் சொல்வார். இந்த இரண்டாவது வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டே நான் கொன்ராட்டை வாசித்து வந்திருக்கிறேன்.

கட்டுரையாளர் அவரை ஆங்கிலேயர் என்று எழுதியிருப்பதை முதலில் திருத்திவிடுகிறேன். 1857இல், அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்ததும் இன்று உக்ரைனில் உள்ளதுமான பெர்டிச்சிவ் என்ற ஊரில், போலந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். தந்தையார் கவிஞர், மொழிபெயர்ப்பாளர்; ரஷ்ய ஆட்சியை எதிர்த்தமைக்காகக் குடும்பத்தோடு நாடுகடத்தப்பட்டவர். பதினொரு வயதில் தாயும் தந்தையும் இல்லாமற்போன அந்தப் பிள்ளை, 1874இல் மார்செய் துறைமுகத்துக்குப் போய்க் கடலோடியானது. 1878இல் பிரித்தானியக் கப்பலொன்றில் சேர்ந்து, இருபது வயதுக்குப் பின்னரே ஆங்கிலம் பழகியது. 1886இல் பிரித்தானியக் குடியுரிமையும் கப்பற்றலைவர் சான்றிதழும் ஒரே ஆண்டில் கிடைத்தன. 1894 ஜனவரியில் கடலை விட்டார். அடுத்த ஆண்டில் முதல் நாவல் வெளிவந்தது.

அந்த முதல் நாவலான ‘அல்மேயர்ஸ் ஃபொலி’யின் களம் போர்னியோவின் கிழக்குக் கரையில் உள்ள ஓர் ஆற்றங்கரைக் குடியிருப்பாகும். அந்தக் கரையைக் கொன்ராட் அறிந்தது, சிங்கப்பூரில் இருந்த அரபு வணிகர் ஒருவருக்குச் சொந்தமான ‘விடார்’ என்ற நீராவிக் கப்பலில் முதல் துணைத் தலைவராக இருந்த காலத்திலே ஆகும். 1887 ஓகஸ்டில் சேர்ந்து 1888 ஜனவரியில் விலகினார். ஐந்து மாதங்கள்கூட நிறையவில்லை. அந்த மாதங்களிலும் கப்பல் ஒவ்வொரு துறையாகச் சரக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு திரிந்ததே தவிர, ஆற்றங்கரையில் வீடெடுத்து அவர் தங்கவில்லை. சரக்கு இறங்கும் நேரத்தில் கண்டதையும், கப்பற்காரரும் வியாபாரிகளும் பேசிக்கொண்டதையும் வைத்தே ஒல்மையர் என்ற உண்மை மனிதரை அல்மேயர் என்ற நாவல் மாந்தராக்கினார்.

இந்தக் குறையை அவர் காலத்திலேயே ஒருவர் எடுத்துக்காட்டினார் என்பதைக் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மலாயாவில் பல ஆண்டுகள் நிருவாகியாக இருந்து மலாய் மொழி பேசிப் பழகிய ஹியூ கிளிஃபர்ட், கொன்ராட்டின் எழுத்தாற்றலைப் பாராட்டிக்கொண்டே, மலாய் மக்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது என்று 1898இல் சிங்கப்பூர்ப் பத்திரிகையில் எழுதினார். கொன்ராட் அதற்குச் சினங்கொள்ளாமல், மலாய் உலகத்தின் அறிஞன் என்று தாம் என்றுமே உரிமை கோரியதில்லை என்ற பாங்கில் மறுமொழி எழுதினார். பின்னர் இருவரும் நெருங்கிய நண்பராயினர். ‘சான்ஸ்’ என்ற நாவலைக் கொன்ராட் கிளிஃபர்டுக்கே காணிக்கையாக்கினார். இதே கிளிஃபர்ட்தான் 1925 முதல் 1927 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தார் என்பதை நம் வாசகர்களுக்காகச் சேர்த்துச் சொல்கிறேன்.

கிளிஃபர்ட் சொன்னது சரி. ஆனால் அந்த முதல் நாவலின் முடிவுப் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. மலாய்த் தாய்க்கும் ஒல்லாந்த வம்சத்துத் தந்தையான அல்மேயருக்கும் பிறந்து, சிங்கப்பூரில் வெள்ளையர் வீட்டில் படித்த நீனா, தன் விருப்பப்படி பாலித்தீவு இளவரசனோடு படகேறிப் போய்விடுகிறாள். கரையில் நிற்கும் தந்தை மண்டியிட்டுத் தவழ்ந்து, மணலில் பதிந்த மகளின் காலடிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழித்துக்கொண்டு வருகிறார். அழித்த இடமெல்லாம் சிறு சிறு மணற்குவியல்கள் சமாதிகளைப் போல நீர்விளிம்பு வரை வரிசையாக நிற்கின்றன. மலாய் வழக்காறு எதுவும் தெரியாமலே எழுதக்கூடிய காட்சி இது. படகு விலகும்போது கரையில் மிஞ்சுகிறவரின் நிலையைத் தளத்தில் நின்று பல தடவை பார்த்த ஒருவர் எழுதியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஊர்கள் பல அவர் எழுத்தில் சுவடின்றிப் போயின. 1884இல் ‘ரிவர்ஸ்டேல்’ என்ற கப்பலில் சென்னைக்கு வந்து, தலைவரோடு பிணக்குற்று விலகி, இரயிலேறிப் பம்பாய்க்குப் போய் ‘நார்சிசஸ்’ என்ற கப்பலில் சேர்ந்தார். சென்னையைக் களமாகக் கொண்டு அவர் ஒரு நாவலும் எழுதவில்லை; பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பலோ, அதில் நோயுற்று இறந்த ஒரு கறுப்பின மாலுமியை நடுவாக வைத்து 1897இல் முழு நாவலாயிற்று. தமிழ் வாசகனுக்கு இது சற்று ஏமாற்றமே. ஆனால் என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை: கடந்துபோன ஊர் அவரிடம் தங்கவில்லை, கூட வேலை செய்த மனிதர் தங்கினர்.

‘லோர்ட் ஜிம்’ நாவலைப் பற்றிய பந்திக்கு வருகிறேன். 1880இல் 900க்கும் மேற்பட்ட ஹஜ் பயணிகளோடு மலாயாப் பக்கமிருந்து சென்ற ‘ஜெத்தா’ என்ற கப்பல் மூழ்கப்போகிறதென்று அஞ்சி, அதன் தலைவரும் வெள்ளை அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினர். கப்பல் மூழ்கிவிட்டதென்று அவர்கள் சொல்லிக்கொண்டிருக்க, வேறொரு கப்பல் அதனைப் பத்திரமாக ஏடனுக்கு இழுத்து வந்தது. அந்த நாளில் எல்லாத் துறைமுகங்களிலும் பேச்சாயிருந்த இந்த அவமானமே நாவலின் விதை. முன்னொரு காலத்தில் கப்பலேறி மக்காவுக்குப் போன குடும்பங்கள் உள்ள கிண்ணியா, மூதூர் வாசகர்களுக்கு அந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

நாவலில் கப்பலின் பெயர் ‘பட்னா’. பயணிகள் 800 பேர். அந்த 800 பேரும் தளத்தில் வரிசை வரிசையாகத் துயில்கின்றனர். அவர்களில் ஒருவருக்காவது நம் மனத்தில் நிற்கும் முகத்தைக் கொன்ராட் கொடுக்கவில்லை. ஆனால் அதிகாரிகள் இருட்டில் படகை இறக்கிக்கொண்டிருக்கையில், இரு மலாய்க்காரர் கப்பலைத் திசைதிருப்பும் சுக்கானைப் பிடித்தபடியே நிற்கின்றனர். ஒருவர் இளைஞர், மற்றவர் வெளுத்துப்போன நீலத் துணியைத் தலையில் கட்டிய கிழவர். பின்னர் விசாரணை மன்றில், அப்போது என்ன நினைத்தாய் என்று இளைஞரைக் கேட்க, ஒன்றும் நினைக்கவில்லை என்கிறார். கிழவரோ, கப்பலுக்கு ஏதோ கேடு நேர்ந்தது தமக்குத் தெரியும் என்றும், ஆனால் கட்டளை எதுவும் வரவில்லையே, பின் எதற்காகச் சுக்கானை விடவேண்டும் என்றும் கேட்கிறார். வெள்ளைக்காரர் சாவுக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்ற எண்ணமே தமக்கு எழவில்லையாம். அவர்களுக்கு ஏதேனும் இரகசியக் காரணம் இருந்திருக்கும் என்று நம்பினாராம். பின்பு, தாம் எத்தனை ஆண்டு கடலில் உழைத்தவர் என்பதை மன்று அறியட்டும் என்று, இறந்துபோன கப்பற்றலைவர்களின் பெயர்களையும் மறைந்துபோன கப்பல்களின் பெயர்களையும் அடுக்கிக்கொண்டே போகிறார்.

வெள்ளையரின் மானத்தைப் பற்றிய அந்நாவலில், எந்த வாதமும் இல்லாமல் அந்த மானத்தைத் தரைமட்டமாக்குவது இச்சாட்சியமே. இதனை எழுத மலாய் இலக்கணமோ சடங்குகளோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடுச்சாமக் காவலில், திசைகாட்டியின் விளக்கொளியில், தமக்கு ஓரடி தூரத்தில் நின்று சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தவரின் கைகளை மணிக்கணக்காகப் பார்த்திருக்க வேண்டும். தம் உயிர் அந்தக் கைகளில் இருப்பதை உணர்ந்திருக்க வேண்டும். இவை இரண்டும் துணைத் தலைவராக இருந்த கொன்ராட்டுக்கு அன்றாடம் வாய்த்தவை.

1890இல் கொங்கோ ஆற்றில் ஒரு மாதமளவு நீராவிப் படகில் மேலே சென்று, வயிற்றுளைவும் காய்ச்சலுமாகத் திரும்பிய அனுபவத்திலிருந்து எழுந்தது ‘ஹார்ட் ஒஃப் டார்க்னெஸ்’. அதிலுள்ள ஆபிரிக்கர் முகமில்லாத கூட்டமாகவும், இரண்டோர் இடங்களைத் தவிர வாய் திறவாதவராகவும் நிற்கின்றனர் என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே 1975இல் நிகழ்த்திய உரையில் குற்றஞ்சாட்டியதைக் கட்டுரையாளர் ‘மிகை’ என்று ஒரு சொல்லால் தள்ளிவிட்டார். மிகை அன்று. கரை நெடுகிலும் மரங்களும் கூச்சலுமாக மட்டுமே அம்மக்கள் தெரிவது, ஓடும் படகின் தளத்திலிருந்து பார்த்ததன் நேரடி விளைவாகும். ஆனால் அங்கும் ஒரு சுக்கானி இருக்கிறார். கரையிலிருந்து வந்த ஈட்டி தைத்து அந்த ஆபிரிக்கர் இறந்தபின், கதைசொல்லியான மார்லோ, அவர் சுக்கான் பிடித்தவர் என்றும், மாதக்கணக்காகத் தம் முதுகுக்குப் பின்னால் நின்றவர் என்றும், அது ஒருவகைப் பங்காளித்தனம் என்றும் சொல்கிறார். அதே வாயால் அவரை ஒரு கருவி என்றும் சொல்லிவிடுகிறார். கொன்ராட் எட்டிய தூரமும் எட்டாத தூரமும் இந்த இரு சொற்களுக்குள் இருக்கின்றன. ‘டைஃபூன்’ கதையில் கப்பலின் அடித்தட்டில் அடைபட்டு வரும் 200 சீனத் தொழிலாளருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்கள் சரக்கோடு சரக்காக உருள்கின்றனர்.

மார்லோவைப் பற்றி இன்னும் ஒன்று. இருட்டில் உட்கார்ந்து, கேட்டவற்றையும் கண்டவற்றையும் முன்பின்னாகச் சொல்லிப்போகும் அந்த முறை, காவல் நேரத்தில் கடலோடிகள் கதை பேசும் முறையே. பிற மக்களைக் குறித்து உறுதியாகத் தெரியாததை ‘இன்னார் சொன்னார்’ என்று நிறுத்திக்கொள்ள அது இடங்கொடுத்தது. முழுதறிந்த ஆசிரியனாக அவர் எழுதிய பகுதிகளைவிட இத்தகைய பகுதிகள் நேர்மையாக இருப்பதாக நான் கருதுகிறேன்.

கரையில் உண்மையாகவே வாழ்ந்த கடலோடியைக் காண வேண்டுமானால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூருக்குப் போக வேண்டும். புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்ற கப்பலைத் திருத்துவதற்காக இங்கு ஒதுங்கிய ரொபர்ட் நொக்ஸ், 1660இல் அங்கே கண்டி அரசனின் ஆட்களிடம் தந்தையாரோடு பிடிபட்டார். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும் நெல்லை வட்டிக்குக் கொடுத்தும் ஊரவரோடு ஊரவராக ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடினார். 1681இல் வெளிவந்த அவர் நூலில் உழவு, உணவு, திருமணம், கடன் என்று எல்லாம் உள்ளிருந்து சொல்லப்பட்டிருக்கின்றன. அவர் நாவலாசிரியரல்லர்; ஆனால் ஆங்கில நாவலாசிரியர் டானியல் டீஃபோ அந்த நூலை எடுத்துத் தமது நாவலொன்றில் பயன்படுத்தினார். பண்பாட்டோடு கூடி வாழ்ந்த கடலோடி என்ற புகழுரையைக் கட்டுரையாளர் நொக்ஸுக்குக் கொடுத்திருந்தால் நான் இக்கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

கொன்ராட் சுற்றிய அதே கடல்களின் கரையைத் தமிழில் எழுதிய ப. சிங்காரம், கப்பலில் வேலை செய்தவரல்லர். சுமாத்திராவின் மேடானில் இருந்து பிழைத்தவர். அவர் கண்ணில் துறைமுகம் கடையும் வட்டியும் சாப்பாடுமாக விரிகிறது. இருவரையும் அடுத்தடுத்து வைத்து யாரேனும் எழுதினால் வாசிக்க ஆவலாயிருக்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம் கோருகிறேன். ‘பட்னா’வில் நின்ற இருவரையும் கட்டுரையாளர் ‘மலாய்க் கூலிகள்’ என்று எழுதியிருக்கிறார். நாவலின் எட்டாம் அத்தியாயத்தைப் பார்த்தால் அவர்கள் அங்கு செய்த வேலை தெளிவாகத் தெரியும். அவ்வேலைக்கு எங்கள் துறைமுகத்தில் சுக்கானி என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்த இதழில் அதனைத் திருத்தி வெளியிடும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
உவர்மலை, திருகோணமலை.