சிலையாக நின்ற அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பெல்லாம் வெள்ளிப் பூச்சோடு தெருவில் சிலைபோல் அசையாமல் நின்று காசு பெறும் வேடத்தை நீங்கள் கைவிட்டு இன்றோடு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஏன் விட்டீர்கள் என்பது நம் இருவருக்கும் தெரியும் என்பதால், நேராக அந்த மதியத்துக்கு வருகிறேன்.

முதல் ஆள் நிற்கும்வரை எவரும் நிற்க மாட்டார்கள் என்றும், தொப்பியை நீட்டப் போகிறோம் என்று தெரிந்ததுமே பின்வரிசை நழுவத் தொடங்கும் என்றும் கூட்டத்தைப் படிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். ஆனால், புதிய வேலையிடத்திலிருந்து என்னோடு வந்தவர்களே அந்தக் கூட்டத்தில் நின்றால் நான் என்ன செய்ய வேண்டும் என்பதை நீங்கள் சொல்லித் தரவில்லை. உங்கள் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார்கள், காதருகே கத்தினார்கள். பிறகு அவர்களுள் ஒருவர் சிகரெட் பற்றவைக்கும் லைட்டரை எடுத்து உங்கள் முழங்கைக்குக் கீழே பிடித்தார். அவர் யாரென்று இங்கே எழுத மாட்டேன். இந்தக் கடிதத்தை அவரும் படிக்கக்கூடும். பூச்சு கருகிய வாடை எனக்கு எட்டியது. "தெரிந்தவரா?" என்று யாரோ கேட்டபோது, "இல்லை" என்றேன்.

புதிதாகச் சேர்ந்த வேலை, நான் அப்போது மிகவும் சிறியவன், எல்லாம் ஒரு நொடியில் நடந்துவிட்டது என்று எத்தனையோ காரணங்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் பொய் இல்லை. எதுவும் போதவும் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும் ஒரு விரலையாவது அசைத்திருக்கலாம், அண்ணா! வலிக்கிறது என்று காட்டியிருந்தால் அவர் கையை எடுத்திருப்பார். நான் நடுங்கிக்கொண்டே தொப்பியில் ஒரு நாணயத்தைப் போட்டதும், முன்பின் அறியாத எவருக்கும் செய்வதைப் போலவே, மார்பில் கைவைத்து மெல்லத் தலைகுனிந்தீர்கள். அந்த ஒரு வணக்கத்தை மட்டும் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், வேடமிட்டுப் புகைப்படத்துக்கு நின்று காசு பெறுபவர்கள் தரையில் வண்ணம் தீட்டிய கட்டங்களுக்குள்தான் அந்தத் தொழிலைச் செய்ய வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது. அவர்கள் வழிப்போக்கர்களை நச்சரிக்கிறார்கள் என்று எழுந்த புகார்களே அதற்குக் காரணம். புகார்களில் நியாயம் இருக்கலாம். ஆனால் வழிப்போக்கர்களிடமிருந்து வேடக்காரரைக் காப்பதற்கென்று ஒரு கோடு கிழிக்கப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை. கல்லைப் போல் நிற்பவருக்குக் கல்லுக்குரிய மரியாதைதான் என்று நினைத்துவிடுகிறார்கள். முட்டியை விறைப்பாக வைத்தால் மயக்கம் வரும் என்பதற்காக, எவர் கண்ணுக்கும் தெரியாமல் எடையைக் கால் மாற்றிக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கும் உடம்பு அது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எனக்குத் தெரியும். அன்று அந்தக் கோடாக நான் நின்றிருக்க வேண்டும்.

உங்கள் தொப்பி என்னிடம்தான் இருக்கிறது. உள்பட்டையில் வெள்ளி இன்னும் ஒட்டியிருக்கிறது. தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் கேட்டார்கள். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முழங்கையில் தழும்பு இருக்கிறதா, மறைந்துவிட்டதா? வேறு எதற்கும் பதில் எழுத மனமில்லை என்றாலும், இதற்கு மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் தம்பி